நர்ஸ்கள் குழுவில் புலம்பல்: கொட்டுவதற்கும் கேட்பதற்கும் ஒரு முழு வழிகாட்டி

எந்த நர்ஸின் போனை எடுத்துப் பார்த்தாலும் குறைந்தது நாலு வாட்ஸ்அப் குழு இருக்கும். கூடப் படித்தவர்களின் பேட்ச் குழு, வார்டு குழு, சங்கத்தின் குழு, வெளிநாடு போவதற்காக ஓஇடி, ப்ரோமெட்ரிக் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களின் குழு. வார்டு குழுவில் இன்சார்ஜ் சிஸ்டர் இருப்பதால் அங்கே 'ஓகே சிஸ்டர்', 'நோட்டட் சிஸ்டர்' தவிர வேறெதுவும் வராது. மற்ற மூன்றிலும் கொட்டித் தீர்ப்பதுதான் பாதிப் பேச்சு. 'நைட்ல முழு வார்டுக்கும் நான் ஒருத்திதான்', 'ஆஃப் கேட்டா முறைக்கிறாங்க', 'பேஷண்டோட வந்த அட்டெண்டர் வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போறான், யாரும் கேக்கலை.'

கொஞ்ச நாளில் குழுவுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். 'இந்த குரூப்பைத் திறந்தாலே மூட் அவுட் ஆகுது, ஏதாவது பாசிட்டிவா போடுங்கப்பா' என்பது ஒரு கட்சி. 'இங்கேயும் பேசக் கூடாதுன்னா அப்புறம் எங்கே பேசுறது?' என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் அந்தச் சண்டை முடிவதே இல்லை.

'நெகட்டிவிட்டி' என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொன்னார்கள். இரண்டு வருடம் கடந்தும் அது நடக்காமல் போகவே, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் ஊதியம் 14,000 ஆனது. அந்த இரண்டு வருடப் பேச்சையும் 'நெகட்டிவா பேசாதீங்க' என்று அடக்கியிருந்தால் 7,700 அங்கேயே நின்றிருக்கும். ஆகவே குறை சொல்வதே நோய் என்று நினைக்கிற வழிகாட்டி இது இல்லை.

என் கட்சி வேறு. புலம்பலைக் குறைப்பதை விட அதைப் பிரித்து வைப்பது முக்கியம். ஒரு புலம்பலுக்குக் காது வேண்டும், இன்னொன்றுக்குக் காகிதம் வேண்டும், மூன்றாவதுக்கு உடனே எழுந்து ஓட வேண்டும். மூன்றும் ஒரே குழுவில் ஒரே தொனியில் வந்து விழும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அழுகிற முகப் பொம்மை போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். குழு கெட்டுப்போவது அங்கேதான்.

கொட்டினால் பாரம் குறையுமா?

குறையும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் ஆய்வுகள் அப்படி நேராகச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினர் தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாவது பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள் அந்த ஆளை நினைத்துக்கொண்டே குத்தியவர்கள்தான். 2024இல் புஷ்மனும் ஆய்வாளர் சோஃபி ஷாவிக்கும் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே திசைதான் தெரிந்தது. மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா போல உடம்பின் படபடப்பை இறக்கும் காரியங்கள் கோபத்தைக் குறைத்தன. படபடப்பை ஏற்றும் காரியங்கள் பெரிதாக உதவவில்லை.

நம் குழுக்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றை உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002இல் எழுதினார். பள்ளி மாணவர்களில், ஒரே பிரச்சினையைத் தோழிகள் மீண்டும் மீண்டும் பேசிக்கொண்டிருந்தால் நட்பு இறுகுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறுகின்றன. இரண்டும் சேர்ந்தே நடப்பதுதான் இதில் உள்ள சிக்கல். குழுவை விட்டு வரவும் மனசு வராது, அதில் இருந்தால் பாரமும் இறங்காது. பேட்ச் குழுவில் ஒரே இன்சார்ஜைப் பற்றி வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் தோழிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை.

அதற்காகப் பேசாமல் இருங்கள் என்று அர்த்தம் இல்லை. ஒருமுறை சொல்லி, ஒருவர் கேட்டு, அடுத்து என்ன என்று நகர்ந்தால் பாரம் இறங்கும். சொன்னதையே சொல்லிக் கிளறிக்கொண்டிருந்தால் ஏறும்.

படி 1: டைப் செய்வதற்கு முன் பிரியுங்கள்

முதலில் ஓட வேண்டியவை. 'கேனுலா எடுக்கும்போது ஊசி குத்திடுச்சுப்பா, பேஷண்டோட எச்ஐவி ஸ்டேட்டஸ் தெரியலை, பயமா இருக்கு' என்று ஒருத்தி குழுவில் போடுகிறாள். பன்னிரண்டு பேர் 'ஐயோ', 'கடவுளே', 'டேக் கேர்' என்று பதில் போடுகிறார்கள். அது ஆறுதலுக்கான நேரம் இல்லை, கடிகாரம் ஓடுகிறது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிழிந்து ரத்தம் எடுக்கக் கூடாது, உடனே காஷுவால்ட்டி டாக்டரிடமோ, எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்திலோ சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் தொடங்குவதில் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்றும் பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் டைப் செய்வதை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்ய வேண்டும்.

மருந்து மாறிப்போனது, டோஸ் கூடிப்போனது, நோயாளி கீழே விழுந்தது எல்லாம் இதே வகை. குழுவில் சொல்வதற்கு முன் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், நோயாளியைப் பார்க்க வேண்டும், கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காகிதம் கேட்பவை. ஆள் பற்றாக்குறை, சம்பளம் வராதது, ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருப்பது, பாலியல் தொல்லை, அட்டெண்டர் அடித்தது. இவற்றுக்கு யார் பொறுப்பு என்று விரல் நீட்டிக் காட்ட முடியும். எழுத்தில் போகாதவரை இவை மாறாது.

மீதி எல்லாம் காது மட்டும் வேண்டுபவை. இன்று அலுத்துப்போச்சு, எட்டு மாதம் பார்த்துக்கொண்ட தாத்தா போய்விட்டார், ஒரு டாக்டர் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார், பிள்ளையின் பள்ளி விழாவுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. இதற்கெல்லாம் தீர்வு கேட்டு யாரும் எழுதுவதில்லை.

சில நேரம் ஒன்று மற்றதாக வேஷம் போட்டு வரும். 'டயர்டா இருக்கு' என்று தினமும் எழுதுபவளின் பின்னால் தொடர்ந்து பத்து நைட் டூட்டி போட்ட ரோஸ்டர் இருக்கலாம். அது காது இல்லை, காகிதம்.

படி 2: நோயாளியை வெளியே எடுங்கள்

பெயரை எழுதாவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. 'நேத்து எங்க ஐசியூல சேர்ந்த 26 வயசுப் பொண்ணு, கல்யாணமாகி மூணு மாசம்' என்று எழுதினால் சின்ன ஊரில் அது பெயருக்குச் சமம். வயது, நாள், வார்டு, நோய், தொழில் ஆகியவற்றில் மூன்று சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கேஸ் ஷீட், எக்ஸ்ரே, மானிட்டர் திரை, காயம் ஆகியவற்றின் படம் முகம் தெரியாவிட்டாலும் வேண்டாம். செல்ஃபியின் பின்னால் படுக்கை எண் தெரிகிறதா என்று பாருங்கள். எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு, தற்கொலை முயற்சி, போக்சோ சம்பந்தப்பட்டவை குழுவுக்கே வரக் கூடாது.

உங்கள் மனநிலையைச் சொல்ல நோயாளியின் விவரம் தேவையே இல்லை என்பது எழுதிப் பார்த்தால் தெரியும். 'இன்னைக்கு ஒரு சின்ன வயசு டெத். உடம்பைத் துடைச்சு அனுப்பும்போது கை நடுங்குச்சு.' இதில் எதுவும் குறையவில்லை.

மருத்துவமனையின் பெயர், இன்சார்ஜின் பெயர், டாக்டரின் பெயர் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், இணையத்தில் புண்படும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டது உண்மைதான். ஆனால் அவதூறு இன்னும் குற்றம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை இருக்கிறது. அரசு நர்ஸ்களுக்குக் கூடுதலாக 1973ஆம் வருட அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதை அவை கட்டுப்படுத்துகின்றன. குழு பொதுவெளியா என்று வாதிடலாம். ஆனால் 300 பேர் இருக்கிற குழுவின் ஸ்கிரீன்ஷாட் நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேஜைக்குப் போக ஒரு மணி நேரம் போதும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் வேலை செய்யும். அதற்குள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அது அழிக்காது. தானாக மறையும் மெசேஜும் அப்படியே.

பயமுறுத்த இதை எழுதவில்லை. பெயரோடு சொல்ல வேண்டிய குறை உங்களிடம் இருந்தால், அதற்குக் குழுவை விடப் பாதுகாப்பான இடம் எழுத்துப் புகார்தான்.

படி 3: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

சூடாக இருக்கும்போது 300 பேர் குழு வேண்டாம். ஒரு தோழிக்குப் போன் செய்யுங்கள், இல்லை மூன்று பேர் மட்டும் இருக்கிற குட்டிக் குழுவில் சொல்லுங்கள். கத்திவிட்டு வந்த கை நடுக்கத்தோடு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள். குரலில் இருக்கும் கோபத்தைத் திருத்த முடியாது, ஃபார்வர்டு மட்டும் செய்ய முடியும்.

யாரிடமும் சொல்ல முடியாதவற்றுக்கு நோட்டு இருக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 முதல் செய்த சோதனைகளில் மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி ஒரு நாளைக்கு 15 நிமிடம், நாலு நாள் எழுதினார்கள். எழுத்துப்பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல். எழுதியவர்கள் அன்றைக்கு இன்னும் கலங்கினார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. நைட் டூட்டி முடிந்து வந்து தூங்கும் முன் எழுதினால் தூக்கம் கெடும், தூங்கி எழுந்த பிறகு எழுதலாம்.

படி 4: என்ன வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்

மொத்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மெசேஜின் தொடக்கத்தில் 'சும்மா கேளுங்க போதும்' என்றோ 'என்ன பண்ணலாம்னு சொல்லுங்க' என்றோ எழுதிவிடுங்கள். சில குழுக்களில் இதற்கு ஒரு குறியே வைத்திருக்கிறார்கள். காதின் படம் போட்டால் ஆறுதல் மட்டும், பேனாவின் படம் போட்டால் வழி வேண்டும்.

வித்தியாசம் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

முன்பு: 'இந்த ஹாஸ்பிடல் உருப்படவே உருப்படாது. எல்லாரும் ஒரே மாதிரிதான். நர்ஸ்னா அவங்களுக்கு அடிமை. எதுவும் மாறாது.'

பின்பு: 'அக்கா, சும்மா கேளுங்க போதும். ரவுண்ட்ஸ்ல லேப் ரிப்போர்ட் வரலைன்னு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினாங்க. லேப்புக்கு ரெண்டு தடவை போன் பண்ணினது நான்தான். பதில் சொல்ல வாய் வரலை. அதுதான் உறுத்துது.'

முதலாவதற்கு 'ஆமா, எங்க ஹாஸ்பிடலும் இப்படித்தான்' என்பதைத் தவிரப் பதில் இல்லை. இரண்டாவதில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, ஒரு காயம் இருக்கிறது. படிப்பவர்கள் அதைத் தொட்டுப் பேசலாம். 'எப்பவும்', 'எல்லாரும்', 'எதுவும்' என்ற மூன்று சொற்களும் வரும் இடத்தில் நிறுத்தி, என்றைக்கு, யார், என்ன என்று மாற்றினாலே புலம்பல் பாதி தெளிந்துவிடும்.

படி 5: பதில் சொல்பவர்களுக்கு

குழு கெடுவதில் புலம்புகிறவரின் பங்கை விடப் பதில் போடுகிறவரின் பங்கு பெரிது என்பது என் எண்ணம். நாலு வகைப் பதில்கள் வழக்கமாக எரிச்சலைக் கூட்டும்.

'இதெல்லாம் ஒண்ணுமே இல்லை, எங்க ஹாஸ்பிடல்ல...' என்று தொடங்குவது. இது ஆறுதல் போலத் தோன்றும். அப்புறம் பத்து பேர் தங்கள் கதையைக் கொண்டுவருவார்கள், முதலில் பேசினவள் காணாமல் போய்விடுவாள். 'பாசிட்டிவா யோசிங்க சிஸ்டர்' என்று சூரியன் உதிக்கும் படம் போடுவது. 'வேலையை விட்டுட்டு வெளிநாடு போயிடு' என்பது. இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் இருக்கிறது, கல்விக் கடன் இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, எங்கே போவாள்? 'அந்த டாக்டர்தானே, அவன் அப்படித்தான், இன்னொரு கதை கேளு' என்று தீயில் எண்ணெய் ஊற்றுவது நாலாவது.

நல்ல பதில் சின்னதாக இருக்கும். நடந்ததைத் திருப்பிச் சொல்லும்: 'ரெண்டு தடவை போன் பண்ணியும் உன்னைத் திட்டினது வலிக்கத்தானே செய்யும்.' ஒரு கேள்வி கேட்கும்: 'சாப்பிட்டியா? தூங்கினியா?' இந்தக் கேள்வியைக் கேலியாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றவளுக்கு முதல் தேவை பெரும்பாலும் அதுதான். வழி கேட்டிருந்தால் மட்டும் வழி சொல்லுங்கள், அதுவும் ஒன்று போதும். மேலும் பேச இருந்தால் 'கூப்பிடுறேன்' என்று தனியே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பத்து பேருக்கு மேல் அதே விஷயத்தில் பதில் போட்டாயிற்று என்றால் பதினோராவதாக நீங்கள் வேண்டாம்.

படி 6: காகிதத்துக்கு மாற்றுவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் புலம்பல்களில் பெரும்பங்கு ஆள் பற்றாக்குறையைப் பற்றியது, அதைத்தான் நாம் மோசமாக எழுதுகிறோம். 'வேலை ஜாஸ்தி' என்று எழுதினால் எந்த நிர்வாகமும் அசையாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுப்படி போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர். விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள். இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்து உங்கள் வார்டின் எண்ணை எழுத வேண்டும்.

ஒரு நோட்டில் ஒரு மாதம் இப்படிக் குறியுங்கள்: தேதி, ஷிப்ட், வார்டில் எத்தனை நோயாளி, அதில் எத்தனை பேர் மோசமான நிலை, எத்தனை நர்ஸ், அன்றைக்கு எது தாமதமானது. 'காலை 6 மணி ஆன்டிபயாடிக் 7.20க்குப் போனது', 'இரவில் நாலு பேருக்கு பொசிஷன் மாற்ற முடியவில்லை.' நோயாளியின் பெயர் வேண்டாம். குழுவில் 'இன்னைக்கும் நான் ஒருத்திதான்' என்று எழுதுகிற அதே நேரத்தில் இதை எழுதிவிடலாம். ஐந்து பேர் ஒரு மாதம் எழுதினால் அது புலம்பல் இல்லை, கணக்கு. அதை ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு இன்சார்ஜ் வழியாக நர்சிங் சூப்பரிண்டெண்டுக்குக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். தனியாக ஒருத்தி கொடுத்தால் அவள் குறி வைக்கப்படுவாள், ஐந்து பேராகக் கொடுப்பதற்குக் காரணமே அதுதான். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அனுமதிக்கப்பட்ட நர்ஸ் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் சங்கத்துக்கும் உதவும்.

தனியார் மருத்துவமனை என்ஏபிஹெச் என்ற தர அங்கீகாரம் வாங்கியிருந்தால் ஊழியர் குறைதீர்ப்பு முறையும் இன்சிடெண்ட் ரிப்போர்ட் முறையும் அங்கே இருந்தே ஆக வேண்டும். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னபடி அமைந்த குழு ஒரு பரிந்துரை தந்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸின் சம்பளத்துக்கு ஈடாக, 100 முதல் 200 என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையாமல், 50 முதல் 100 என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையாமல், 50க்குக் கீழ் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல். இது பரிந்துரைதான், சட்டம் இல்லை. ஆனாலும் 'எல்லா இடத்திலும் இதுதான் சம்பளம்' என்று சொல்கிறவர் முன் வைக்க ஒரு எண் கையில் இருக்கும். சம்பளம் நிறுத்தினாலோ சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்தாலோ முதலில் எழுத்தில் கேளுங்கள், ஈமெயில் என்றால் நல்லது. அடுத்தது தொழிலாளர் துறை அலுவலகம்.

பாலியல் தொல்லைக்கு 2013ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். உள் குழு இல்லை, அல்லது புகாரே முதலாளி மேல் என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். இந்த விஷயத்தைப் பெரிய குழுவில் விவாதிப்பது பாதிக்கப்பட்டவளுக்கே கேடு, அவளுடைய பெயர் வெளிவருவதையும் சட்டம் தடுக்கிறது. 'நடந்ததைத் தேதி போட்டு எழுதி வை, மெசேஜ் எதையும் அழிக்காதே, நான் கூட வரேன்' என்று தனியாகச் சொல்வதுதான் உதவி.

அட்டெண்டரோ வெளியாளோ கை வைத்தால், தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்க 2008ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா பயிற்சி மருத்துவர் கொலைக்குப் பிறகு, மத்திய அரசு மருத்துவமனைகளில் இப்படி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற இடங்களிலும் 'நிறுவனம் சார்பில் புகார் கொடுங்கள்' என்று கேட்பது நியாயம். தனி நர்ஸ் காவல் நிலையப் படி ஏறினால் அவளே அலைய வேண்டும்.

படி 7: காதும் காகிதமும் போதாத இடம்

செய்ய வேண்டியது என்ன என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் செய்ய விடாத அமைப்பில் நிற்கிறீர்கள். இதை 1984இல் அறவியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் அறச்சங்கடம் என்ற பொருளில் தனியாகப் பிரித்துக் காட்டினார். வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் இருக்கும் பெரியவர் மீள மாட்டார் என்று ஐசியூ நர்ஸுக்குத் தெரியும். வெளியே மகள் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு வருகிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது டாக்டர். அவர் சொல்லவில்லை, நர்ஸ் சொல்லக் கூடாது. இதற்கு யார் மேல் புகார் எழுதுவது? 'பாவம்டி' என்ற பதிலும் போதாது. இது தேங்கினால்தான் பின்னால் 'எனக்கு இப்ப எதுவும் தோணுறதே இல்லை' என்ற மரத்துப்போன பேச்சாக வரும்.

பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் கனிவு வைத்தியத்துக்கு இணையாக உதவியது என்று எழுதியவர். அவர் பெயரில் தொடங்கிய அமைப்பு, டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்தபோது தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் பேசும் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. சிகிச்சை சரியா தப்பா என்ற விவாதம் அங்கே கிடையாது. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் நடக்கிறது.

நம் ஊரில் நிர்வாகம் ஏற்பாடு செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு ஏழு பேர், மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், ஹாஸ்டல் மாடியோ டீக்கடை பெஞ்சோ போதும். ஆன்லைனில் என்றால் வாய்ஸ் கால், எழுத்து வேண்டாம். ஒருத்தி ஒரு நிகழ்ச்சியைச் சொல்வாள். மற்றவர்கள் 'எனக்கும் அப்படி ஒண்ணு' என்று சொல்லலாம், ஆலோசனை சொல்லக் கூடாது. 'நீ அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்' என்று யாராவது ஆரம்பித்தால் நடத்துகிறவர் நிறுத்த வேண்டும். முதல் கூட்டத்தில் நீண்ட மௌனம் இருக்கும். அதை உடைக்கிறேன் என்று ஜோக் அடிக்காதீர்கள்.

படி 8: அட்மினுக்கு

குழு அட்மின் மேல் கேஸ் வருமா என்ற பயம் பலருக்கு. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் வெறுமனே அட்மின் என்பதால் குற்றவாளி ஆக மாட்டார் என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், அதே வருட டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கின்றன. ஆனால் நீங்களே ஃபார்வர்டு செய்தால் அது உங்கள் பொறுப்புதான்.

குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஆர்டர், கவுன்சிலிங் தேதி, வேலை வாய்ப்பு, சுற்றறிக்கைக்கு ஒன்று, அதில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று வைத்துவிடுங்கள். பேச்சுக்கு இன்னொன்று. சுற்றறிக்கைக்காக வந்தவள் நூறு புலம்பலைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதுதான் பாதி எரிச்சலுக்குக் காரணம். பேச்சுக் குழு சிறியதாக இருக்கட்டும். விதி மூன்று போதும்: நோயாளி அடையாளம் கூடாது, குழுவில் இல்லாத சக நர்ஸைப் பெயர் சொல்லிப் பேசக் கூடாது, காதா வழியா என்று முதல் வரியில் சொல்ல வேண்டும். இரண்டாவதை யாரும் விரும்ப மாட்டார்கள், இருந்தாலும் பிடிவாதமாக நில்லுங்கள். ஜூனியர் சீனியரையும், பி.எஸ்சி படித்தவர் ஜிஎன்எம் டிப்ளமோ படித்தவரையும், நிரந்தரம் ஒப்பந்தத்தையும் இழுத்துப் பேசுகிற இடத்தில்தான் குழு உடைகிறது, அதில் நிர்வாகத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

விதியை மீறிய மெசேஜை அட்மின் எல்லோருக்குமாக அழிக்கலாம். அழித்துவிட்டுத் தனியே 'பேஷண்ட் விவரம் இருந்ததால எடுத்தேன்மா, உன் பக்கம் என்ன நடந்துச்சு, கூப்பிடவா?' என்று கேளுங்கள். பொதுவில் கண்டித்தால் அடுத்த முறை அவள் ஊசி குத்தினாலும் சொல்ல மாட்டாள். ஒருவரே எல்லாப் புலம்பலையும் படித்துக்கொண்டிருந்தால் அவரும் சோர்ந்துபோவார். மூன்று பேர் முறை வைத்துப் பாருங்கள், நைட் டூட்டியில் இருப்பவருக்கு அந்த வாரம் விடுப்பு.

படி 9: இது வெறும் புலம்பல் இல்லை என்று தெரிந்தால்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் எரிந்து அணைந்துபோகும் நிலையை, அதாவது பர்ன்அவுட்டை, வேலை சார்ந்த ஒன்றாக வரையறுத்தது. சக்தி வடிவது, வேலையை வெறுத்து விலகி நிற்பது, எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளம். அது லீவு, டூட்டி மாற்றம், உதவி கேட்கும் நிலை. அதையும் தாண்டி, சதா பேசுகிறவள் திடீரென்று மௌனமாவது, 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி', 'எல்லாத்துக்கும் தேங்க்ஸ்' என்று எழுதுவது, பொருட்களைப் பிறருக்குக் கொடுப்பது ஆகியவற்றைப் பார்த்தால் குழுவில் பதில் போடாதீர்கள், உடனே போன் செய்யுங்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தொடர்பை வெட்டாமல், அறைத்தோழியையோ பக்கத்தில் இருப்பவரையோ அவளிடம் அனுப்பிவையுங்கள். தனியாக விடக் கூடாது. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044 24640050. தன் மருத்துவமனையிலேயே மனநல டாக்டரைப் பார்க்க நர்ஸ்கள் தயங்குவார்கள், வெளியே வேறு இடத்தில் நேரம் வாங்கிக் கொடுங்கள்.

வெளியேறுவது

எல்லாம் செய்தும் ஒரு குழு உங்களைக் கீழே இழுத்தால் விலகலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. முதலில் மியூட், ஆர்க்கைவ் செய்து, வாரம் ஒருமுறை ஆஃப் நாளில் மட்டும் திறந்து பாருங்கள். நைட் டூட்டிக்கு முன்னும் தூங்கும் முன்னும் வேண்டாம். அப்படியும் சரிப்படவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். 2022 முதல் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். வருவதற்கு முன் ஆர்டர் நகல்கள், பிடிஎஃப்கள், சங்க நிர்வாகிகளின் எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். உங்கள் காதை நம்பிப் பேசுகிற ரெண்டு பேர் அந்தக் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் தனியாக, 'குரூப்ல இருந்து வந்துட்டேன், எப்பன்னாலும் கூப்பிடு' என்று ஒரு வரி போட்டுவிட்டு வாருங்கள்.